குழிவா, தட்டையா, வளைவா: இடது மணிக்கட்டை எப்படி வைப்பது?

என் கோல்ஃப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தால் பழைய பந்துகளுக்கு நடுவே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மர ஸ்கேல் ஒன்று கிடக்கும். 12 இஞ்ச் ஸ்கேல். ஒரு காலத்தில் நான் அடித்த பந்தெல்லாம் நேராகக் கிளம்புவதுபோலக் கிளம்பி, பாதி வழியில் மனசு மாறி, வலப்பக்க மரங்களுக்குள் போய் விழுந்துகொண்டிருந்தது. பயிற்சி மைதானமான ரேஞ்சில் பந்து பொறுக்கத் தொடங்கி, ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கும் கேடியாகி, இப்போது புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அண்ணன் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

“சார், மேல தூக்கினதும் அப்படியே நில்லுங்க. அசையாதீங்க. இப்ப உங்க இடது கையைப் பாருங்க. தண்ணி ஊத்துனா நிக்கும்.”

பார்த்தேன். கிளவுஸுக்கும் முன்கைக்கும் நடுவில் நிஜமாகவே ஒரு குழி. அவர் தன் சட்டைப் பையோடு சொருகி வைத்திருந்த ஸ்கேலை எடுத்து, என் கிளவுஸின் பட்டைக்குள் நுழைத்தார். பாதி புறங்கைமேல், பாதி முன்கைமேல். மறுபடி தூக்கச் சொன்னார். ஸ்கேலின் முனை முன்கையில் நறுக்கென்று குத்தியது. “குத்தாம தூக்குங்க, போதும்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஸ்கேலைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

குத்தாமல் தூக்குவது சரி. ஆனால் அதற்குப் பிறகுதான் குழப்பம் தொடங்கியது. மணிக்கட்டு தட்டையாக இருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். டிவியில் பார்த்தால் டஸ்டின் ஜான்சன் அதை எதிர்ப்பக்கம் வளைத்து வைத்திருக்கிறார். பழைய படங்களில் பென் ஹோகனின் மணிக்கட்டில் என்னுடையதைப் போலவே குழி. எல்லாரும் பெரிய போட்டிகளை வென்றவர்கள். அப்படியானால் நாம் எதை எடுத்துக்கொள்வது? சில வருடங்களாக மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். வலது கை ஆட்டக்காரரை வைத்தே சொல்கிறேன். இடது கைக்காரர்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றிக்கொள்ள வேண்டும். கோல்ஃப் பாடங்களில் அவர்களுக்கு அது பழகிப்போன வேலை.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துவிடலாம். கோல்ஃபில் மணிக்கட்டு என்று பேசும்போது இரண்டு வேறு அசைவுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, சுத்தியலால் ஆணி அடிக்கக் கையை ஓங்கும்போது கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டு மேலே மடிகிறதே, அது. கதவுக் கீல்போல ஒரே தளத்தில் போய் வருவது. இதைத்தான் ஹிஞ்ச் என்கிறார்கள். இன்னொன்று, புறங்கை பக்கமாகவோ உள்ளங்கை பக்கமாகவோ மடிவது. பந்தியில் “போதும், சோறு வேண்டாம்” என்று உள்ளங்கையைக் காட்டித் தடுக்கிறோமே, அப்போது மணிக்கட்டு புறங்கை பக்கம் மடிகிறது. அங்கே குழி விழுகிறது. கையை நீட்டிக் கீழ்நோக்கி அசைத்துப் பஸ்ஸை நிறுத்தும்போது உள்ளங்கை பக்கம் மடிகிறது, அது வளைவு. இரண்டுக்கும் நடுவில், ஸ்கேல் குத்தாமலும் தூக்காமலும் படிந்து கிடந்தால் தட்டை.

ஹிஞ்ச் வேகம் சம்பந்தப்பட்டது. குழிவும் வளைவும் திசை சம்பந்தப்பட்டவை. முழுக்க முழுக்க அப்படி வெட்டிப் பிரித்துவிட முடியாதுதான், ஆனால் முடிவெடுக்க இந்தப் பிரிவு போதும்.

திசை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மோதும் கணத்தில் கிளப்பின் முகம், அதாவது கோல்ஃப் மட்டையில் பந்தைத் தொடும் பரப்பு, எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்பதுதான். முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் வரும் பாதைக்கும் உள்ள வித்தியாசம் பந்தை வளைக்கிறது. முகம் 1 டிகிரி தப்பினால், பந்தின் வளைவைக் கணக்கில் எடுக்காமலே 200 மீட்டரில் மூன்றரை மீட்டர் விலகல். மேலே போனதிலிருந்து கீழே வர ஏறக்குறைய கால் விநாடி. கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது அரை மில்லி விநாடி. அந்த இடைவெளியில் யோசித்துத் திருத்த நேரமில்லை. அதனால் மேலே போய்ச் சேரும்போதே முகம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இடது மணிக்கட்டு குழிந்தால் முகம் திறக்கிறது, அதாவது வலப்பக்கம் திரும்புகிறது. வளைந்தால் மூடுகிறது, அதாவது இடப்பக்கம் திரும்புகிறது. தட்டையாக இருந்தால், பிடியும் சாதாரணமாக இருக்கும்பட்சத்தில், முகம் ஏறக்குறைய முன்கைக்கு இணையாக நிற்கிறது.

ஹோகனின் குழி

குழிவுக்கு ஆதரவாகப் பேச வருபவர்கள் எல்லாரும் முதலில் எடுத்துப் போடும் பெயர் பென் ஹோகன். 1955 ஆகஸ்டில் ‘லைஃப்’ பத்திரிகையில் அவர் தன் “ரகசியத்தை” வெளியிட்டார். சாரம் இதுதான்: இடது கைப்பிடியைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வைத்து, பின்னால் போகும்போது முன்கையைச் சுழற்றி, உச்சியில் இடது மணிக்கட்டைக் கொஞ்சம் குழியவிடுவது. முகம் நன்றாகத் திறந்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு வேகமாகக் கையைச் சுழற்றி அடித்தாலும் பந்து இடப்பக்கம் ஓடாது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ரகசியம் எந்த நோய்க்கு மருந்தாக வந்தது என்பது. ஹோகனின் இளமைக்கால வியாதி ஹூக். பந்து இடப்பக்கம் தாழப் பறந்து ஓடுவது. அவரைக் கிட்டத்தட்ட ஆட்டத்தைவிட்டே விரட்டப் பார்த்த வியாதி. ஹூக் அடிப்பவனுக்குக் குழிவு மருந்து. ஸ்லைஸ், அதாவது என்னைப்போல வலப்பக்கம் வளைந்து ஓடும் பந்து, அடிப்பவனுக்கு அது விஷம். பொழுதுபோக்காக ஆடுபவர்களில் பெரும்பாலானோர் ஸ்லைஸ் கோஷ்டி. வார இறுதியில் ஆடுபவருக்கு இது உதவாது, மோசமான ஆட்டக்காரரைக் கெடுத்துவிடும் என்ற பொருளில் ஹோகனே அப்போது சொல்லியும் வைத்தார். அதை யாரும் கேட்கவில்லை. ரகசியம் என்ற சொல்லுக்கு அவ்வளவு கவர்ச்சி.

நம்மிடம் விழும் குழி ஹோகனின் குழி இல்லை, தானாக விழுவது. கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் சுலபமாக விழும் என்பது என் அனுபவம். பேட்டில் மேல் கையின் புறங்கை பந்து வரும் திசையைப் பார்க்கப் பிடித்துப் பழகியிருக்கிறோம். அதே பழக்கத்தில் கோல்ஃப் கிளப்பையும் பிடித்தால் இடது கை இடப்பக்கம் திரும்பிய பிடியாக உட்கார்ந்துவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு கிளப்பைத் தோளுக்கு மேலே கொண்டுபோக ஒரே வழி மணிக்கட்டைக் குழிப்பது. முகம் வானத்தைப் பார்க்காமல் பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கீழே வரும்போது முகம் திறந்திருப்பது உடம்புக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. உடனே கைகள் கிளப்பை முன்கூட்டியே தூக்கி எறிந்து முகத்தை மூடப் பார்க்கின்றன. தூண்டில் வீசுவதுபோல இருப்பதால் இதற்குக் காஸ்டிங் என்று பெயர். காஸ்டிங் செய்யாதே, செய்யாதே என்று எத்தனை பேர் சொன்னாலும் அது நிற்காது. முகம் திறந்திருக்கும்வரை காஸ்டிங் ஒரு தப்பே இல்லை, தற்காப்பு.

வளைவு என்னும் மோகம்

2016-இல் ஓக்மான்ட்டில் யு.எஸ். ஓப்பன் வென்ற டஸ்டின் ஜான்சனின் உச்சி நிலைப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இடது மணிக்கட்டு வில்லாக வளைந்திருக்கும், கிளப்பின் முகம் அப்படியே ஆகாயத்தைப் பார்க்கும். அந்தக் காலத்துப் பாடப்படி பார்த்தால் அது ஹூக் அடிப்பவனின் நிலை. அவரோ 2020 நவம்பரில் நடந்த மாஸ்டர்ஸில் நாலு சுற்றையும் மொத்தம் 268 அடிகளில் முடித்துச் சாதனையே வைத்தார். காலின் மொரிகாவா, யான் ராம், விக்டர் ஹோவ்லண்ட் என்று அதே வளைவோடு ஒரு வரிசையே வந்தது. மொரிகாவா 2020-இல் பிஜிஏ, 2021-இல் பிரிட்டிஷ் ஓப்பன். ராம் 2021-இல் யு.எஸ். ஓப்பன், 2023-இல் மாஸ்டர்ஸ். இவர்களுக்கு வெகுகாலம் முன்னாலேயே லீ டிரெவினோ மூடிய முகத்தோடு மேலே போய், இடது கையை மடியவிடாமல் பிடித்தபடி அடித்து, 1971-இல் நாலு வாரத்துக்குள் யு.எஸ்., கனடா, பிரிட்டிஷ் என மூன்று ஓப்பன்களையும் எடுத்தவர். ஆக இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை.

வளைவின் லாபம் எளிதாகப் புரியும். முகம் மேலேயே மூடிவிட்டதால் கீழே வரும்போது கையைச் சுழற்றி மூட வேண்டிய வேலை இல்லை. நேரம் பார்த்துச் செய்யவேண்டிய காரியம் ஒன்று குறைகிறது. லாஃப்ட், அதாவது முகத்தின் மேல்நோக்கிய சாய்வு, குறைவதால் அயர்ன் எனப்படும் இரும்புக் கிளப்பால் அடித்த பந்துகள் தாழ்வாகவும் அழுத்தமாகவும் போகின்றன.

விசித்திரம் என்னவென்றால், முகத்தை இவ்வளவு மூடி வைக்கும் இவர்களில் பலரின் வழக்கமான பந்து வலப்பக்கம் மெல்லச் சாயும் ஃபேட். ஜான்சனும் மொரிகாவாவும் ஃபேடை நம்பி வாழ்பவர்கள். மூடிய முகத்தோடு ஃபேட் எப்படி? மோதும்போது அவர்களின் இடுப்பும் மார்பும் இலக்கை நோக்கி நன்றாகத் திரும்பிவிட்டிருக்கும். உடம்பு அந்த வேகத்தில் திரும்பும்போது கையோடு கிளப்பின் முகமும் சேர்ந்து திறக்கிறது. மேலே மூடியது, கீழே திறந்து, சமன். உடம்பு நின்றுவிட்டால் அந்தச் சமன் இல்லை.

என் உடம்பு நிற்கும் ரகம். நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காரும் இடுப்பு. இணையத்தில் பார்த்ததை வைத்து மூன்று மாதம் மணிக்கட்டை வளைத்துத் தள்ளினேன். முதல் வாரம் சொர்க்கம்; ஸ்லைஸ் போயே போய்விட்டது. இரண்டாவது வாரத்திலிருந்து பந்து முழங்கால் உயரத்தில் கிளம்பி இடப்பக்க வேலியைத் தேடி ஓடத் தொடங்கியது. அதைத் தடுக்க இடது கையை இறுக்கினேன். இறுக்கியதும் ஹிஞ்ச் செத்தது. தூரமும் குறைந்தது. மூன்றாவது மாதம் கட்டைவிரலடியில் ஒரு வலி வந்து, ஈயச்சட்டியைக்கூட ஒரு கையால் தூக்க முடியவில்லை. ஸ்கேல் கொடுத்த அண்ணன் அந்தப் பக்கம் வந்தபோது பார்த்துவிட்டு, “கையை மட்டும் காப்பி அடிச்சீங்களே சார், இடுப்பை யாரு அடிப்பா?” என்றார்.

வளைவைப் பழக்க ரேஞ்சுகளில் மோட்டார் சைக்கிள் பயிற்சி என்று ஒன்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இடது கையால் பைக்கின் ஆக்ஸிலேட்டரைத் திருகுவதுபோல நினைத்துக்கொள் என்று. நம் ஊர் பைக் ஓட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆக்ஸிலேட்டர் கொடுக்கும் திசையில் திருகினால் மணிக்கட்டு குழியும். வளைவு வேண்டுமானால் ஆக்ஸிலேட்டரைக் குறைக்கும் திசையில் திருக வேண்டும். நான் ஒரு வாரம் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்.

பிடிதான் முதல் கேள்வி

தட்டை மணிக்கட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. அதற்குச் சுழற்சியும் கொஞ்சம் வேண்டும், உடம்புத் திருப்பமும் கொஞ்சம் வேண்டும், எதுவும் அளவுக்கு மீறி வேண்டாம். பார்க்கவும் அழகு. மூன்றில் மிகச் சலிப்பானது, அதனாலேயே இணையத்தில் அதிகம் விற்காதது.

ஆனால் “தட்டை நல்லது” என்று மொட்டையாகச் சொல்வதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையில் விழுந்தவர்கள் ஏராளம். இடது கையைக் கிளப்பின்மேல் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்காமல் மணிக்கட்டின் நிலைக்கு அர்த்தமே கிடையாது.

பந்துக்கு முன் நின்று குனிந்து உங்கள் இடது கையைப் பாருங்கள். விரல் முட்டிகள் எத்தனை தெரிகின்றன? இரண்டு தெரிந்தால் நடுநிலை. மூன்று, நான்கு தெரிந்தால் ஸ்ட்ராங் கிரிப். ஒன்றோ, ஒன்றுமே தெரியாமலோ இருந்தால் வீக் கிரிப். ஸ்ட்ராங் என்றால் இறுக்கிப் பிடிப்பது இல்லை, கை எவ்வளவு தூரம் வலப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். இந்தப் பெயரை வைத்தவர் நிறையப் பேரின் கையைக் கெடுத்தார்.

நம் மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாக ஏறக்குறைய 20 டிகிரிதான் மடியும். புறங்கை பக்கமாக 70 டிகிரி வரை மடியும். இந்தக் கணக்கு முக்கியம். உச்சியில் இடது கைக்கும் கிளப்புக்கும் இடையே 90 டிகிரி கோணம் வேண்டும் என்கிறோம். வெறும் 20 டிகிரி மடிப்பை வைத்துக்கொண்டு அது எப்படி வரும்? கிளப் விரல்களுக்குக் குறுக்கே சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் ஒரு கோணம் முன்பே இருக்கிறது. அடிக்க நிற்கும்போது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் தாழ்ந்திருப்பதால், அங்கிருந்து மேலே வரும் தூரமும் சேர்கிறது. ஸ்ட்ராங் கிரிப் வைத்திருப்பவருக்கோ இன்னொரு வழியும் உண்டு. கை வலப்பக்கம் சாய்ந்திருப்பதால், கிளப்பை மேலே தூக்கும் அசைவில் கொஞ்சம் புறங்கைப் பக்கத்து மடிப்பும் கலந்துவிடுகிறது. அதாவது அவருக்குக் குழிவு ஹிஞ்சின் ஒரு பகுதியாகவே வருகிறது. முகமும் திறப்பதில்லை, கை ஆரம்பத்திலேயே மூடிய நிலையில் இருந்ததால். 1992 மாஸ்டர்ஸ் வென்ற ஃப்ரெட் கப்பிள்ஸ் இதற்கு நல்ல சாட்சி. பிடி ஸ்ட்ராங், உச்சியில் மணிக்கட்டில் தெளிவான குழி, முகம் சரியாக இருக்கும், பந்து சோம்பலாகப் பறக்கும்.

இப்போது அவரைப் பிடித்து, குழி தப்பு, ஸ்கேலை வைத்துத் தட்டையாக்கு என்றால் என்ன ஆகும்? முகம் மூடும், ஹிஞ்ச் குறையும், ஹூக் வரும். ஸ்கேல் குத்துகிறதா இல்லையா என்பது எல்லாருக்கும் பொதுவான சோதனை இல்லை. என்னைப்போல வீக் கிரிப்போடு குழித்துக்கொண்டு நின்றவனுக்குத்தான் அது மருந்து. அண்ணன் என் பிடியைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கேலை எடுத்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது.

என் கணக்கில் ஜோடிகள் இப்படிச் சேரும். ஸ்ட்ராங் கிரிப் என்றால் கொஞ்சம் குழி இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள். நடுநிலைப் பிடி என்றால் தட்டை. வீக் கிரிப் வைத்துக்கொண்டுதான் ஆடுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் தட்டையிலிருந்து வளைவு வரை போகலாம், ஆனால் பிடியை மாற்றுவது அதைவிட மலிவு. வீக் கிரிப்போடு குழிவு சேர்ந்தால் ஸ்லைஸ். ஸ்ட்ராங் கிரிப்போடு பெரிய வளைவு சேர்ந்தால், இடுப்பு ராமைப்போலத் திரும்பாத பட்சத்தில், வேலிக்கு அந்தப் பக்கம்தான்.

உச்சியில் எப்படி இருந்தாலும் மோதும் கணத்தில் நல்ல ஆட்டக்காரர்களின் இடது மணிக்கட்டு தட்டையாகவோ சற்றே வளைந்தோதான் இருக்கிறது. அடிக்க நிற்கும்போது பெரும்பாலோருக்கு அது லேசாகக் குழிந்திருக்கும். அதாவது நின்ற நிலைக்கும் மோதும் நிலைக்கும் நடுவே எங்கேயோ குழிவு கரைந்தாக வேண்டும். ஜான்சன் அதை மேலே போகும்போதே முடித்துவிடுகிறார். வேறு பலர் கீழே திரும்பும் கணத்தில் செய்கிறார்கள். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஹேக்மோஷன் போன்ற சென்சார்கள் வந்த பிறகு இதை வீட்டு முற்றத்திலேயே டிகிரிக் கணக்கில் பார்க்க முடிகிறது. விலையைப் பார்த்தால் ஸ்கேலே தேவலை.

முன்னாலேயே மடிப்பதா, பின்னால் மடிப்பதா

அடுத்த முடிவு ஹிஞ்சை எப்போது போடுவது என்பது. இதிலும் இரு கட்சி.

முன்னாலேயே மடிப்பவர்களில் பெரிய பெயர்கள் ஜானி மில்லர், நிக் ஃபால்டோ. மில்லர் 1973 யு.எஸ். ஓப்பனின் கடைசி நாள் ஓக்மான்ட்டில் ஒரு சுற்றை 63 அடிகளில் முடித்தவர். ஃபால்டோ 80-களின் நடுவில் பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரோடு சேர்ந்து தன் ஸ்விங்கை, அதாவது கிளப்பை வீசும் முறையை, பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியவர். அந்தக் காலத்துப் பயிற்சி ஒன்று இன்றைக்கும் அவர் பெயரால் புழங்குகிறது. பந்துக்கு முன் நின்று, கைகளை இருந்த இடத்திலேயே வைத்து, மணிக்கட்டை மட்டும் மடித்துக் கிளப்பை மேலே தூக்கிக்கொள்வது. அப்புறம் தோளைத் திருப்புவது, அடிப்பது. உச்சிக்குப் போகும் வழியில் மணிக்கட்டு செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை, எல்லாம் முன்பே முடிந்துவிட்டது. 1987-இல் மியூர்ஃபீல்டில் பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசிச் சுற்றில் மைதானத்தின் 18 குழிகளிலும் பார், அதாவது குழிக்கு நிர்ணயித்த அடிகள், எடுத்து அவர் வென்றது எல்லாருக்கும் தெரிந்த கதை. அலுப்பான ஆட்டம் என்றார்கள். கோப்பை அவர் வீட்டில்.

எதிர்க்கட்சித் தலைவர் ஜாக் நிக்லஸ். கிளப்பைத் தாழ்வாக, அகலமாக, கையும் தோளும் ஒரே துண்டாகப் பின்னால் இழுத்து, வெகுநேரம் கழித்தே மணிக்கட்டை மடியவிடுவார். வட்டம் பெரிது, வேகம் பெரிது. மேஜர்கள் எனப்படும் பெரிய போட்டிகளில் 18 வெற்றிகள்.

தாமதமாக மடிப்பதில் தூரம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அகலமாக இழுக்கத் தோள் திரும்ப வேண்டும். தோள் திரும்பாதவர் அகலமாக இழுத்தால் கை மட்டும் தூக்கிக்கொண்டு போகும், உச்சியில் கிளப்பின் கனம் தாங்காமல் மணிக்கட்டு ஒரே உதறலில் மடியும், அந்த உதறலில் குழியும் விழும். வாரம் ஒருமுறை ஆடுபவருக்கு நான் முன்கூட்டி மடிப்பதையே சொல்வேன். இடது கை தரைக்கு இணையாக வரும்போது கிளப் அதற்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பக்கவாட்டில் போன் வைத்துப் பார்த்தால் போதும். முன்கூட்டி மடித்தால் முகம் எங்கே பார்க்கிறது என்று இடுப்பு உயரத்திலேயே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். தப்பு இருந்தால் அங்கேயே தெரியும்.

ஒரு குறை இதிலும் உண்டு. சீக்கிரம் மடிப்பவர்கள் தோளைத் திருப்ப மறந்துவிடுவார்கள். கையை மடித்தாயிற்று, கிளப் மேலே வந்தாயிற்று, வேலை முடிந்தது என்று உடம்பு ஏமாந்துபோகிறது. தூரம் அடிக்கும் நீளக் கிளப்பான டிரைவரில் இது நன்றாகவே தெரியும்.

எவ்வளவு மடிப்பது என்று கேட்டால், கூடக் கூட நல்லது என்று சொல்ல முடியாது. தோளில் தொங்கும் கை ஒரு ஊசல், மணிக்கட்டில் தொங்கும் கிளப் இன்னொரு ஊசல். இயற்பியல்காரர்கள் ஸ்விங்கை இந்த இரட்டை ஊசலாகத்தான் கணக்குப் போடுகிறார்கள். மேல் ஊசல் வேகம் எடுத்து முடிக்கும்வரை கீழ் ஊசல் மடிந்தே இருந்தால், விரியும்போது கிளப் தலை அதிக வேகம் பெறும். முன்கூட்டியே விரித்தால் வேகம் போச்சு. செர்ஹியோ கார்சியா கீழே வரும்போது கிளப் தோளோடு ஒட்டிக்கொண்டிருப்பதுபோலத் தெரிவது இதனால்தான். ஆனால் அந்தக் கோணத்தைக் கையால் இறுக்கிப் பிடித்துக் காப்பாற்றப் பார்த்தால் அது விரியவேண்டிய நேரத்தில் விரியாது. பந்து வலப்பக்கம் செத்துப்போய் விழும். மணிக்கட்டு அங்கே ஒரு கயிறு, மோட்டார் இல்லை.

கயிறாக இருக்க வேண்டுமானால் பிடி தளர்ந்திருக்க வேண்டும். சென்னை மாதிரி ஊரில் இது ஒரு தனிப் பிரச்சினை. மே மாதம் காலை எட்டு மணிக்கே கிளவுஸ் நனைந்துவிடும். நனைந்த கிளவுஸ் வழுக்கும், வழுக்குகிற பயத்தில் கை இறுகும், இறுகிய கையில் மணிக்கட்டு மடியாது. ஒன்பது குழிக்கு ஒரு கிளவுஸ் என்று இரண்டு வைத்துக்கொண்டு மாற்றிப் போடுங்கள். ஆயிரம் வீடியோ பார்ப்பதைவிட இது பலன் தரும்.

வலி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவெடுக்கும்போது யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. வலது கை ஆட்டக்காரருக்கு அடிபடுவது பெரும்பாலும் இடது மணிக்கட்டுதான். கட்டைவிரலடியில் வலி வந்தால் ஹிஞ்சை அளவுக்கு மீறி, இறுக்கத்தோடு மடிக்கிறீர்கள் என்று சந்தேகப்படலாம். சுண்டுவிரல் பக்கத்து வலி வேறு ரகம். தசைநாராகவும் இருக்கலாம், கிளப்பின் அடிக்கட்டை உள்ளங்கையில் முட்டி முட்டி அங்கிருக்கும் சிறு எலும்பில் விரிசல் விட்டதாகவும் இருக்கலாம். இரண்டாவதை எக்ஸ்ரேயில்கூடச் சில சமயம் பிடிக்க முடியாது, அதனால் வாரக்கணக்கில் நீடித்தால் எலும்பு டாக்டரிடம் கோல்ஃப் ஆடுவதைச் சொல்லியே காட்டுங்கள். புரூக்ஸ் கெப்காவே 2018 தொடக்கத்தில் இடது மணிக்கட்டால் மாதக்கணக்கில் உட்கார்ந்து, மாஸ்டர்ஸைத் தவறவிட்டவர். ஜூனில் ஷின்னிகாக் ஹில்ஸில் திரும்பி வந்து யு.எஸ். ஓப்பனை இரண்டாம் முறையாக எடுத்தார் என்பது அவர் வயசுக்கும் அவருக்குக் கிடைத்த கவனிப்புக்கும் நடக்கும், நமக்கு நடக்காது. ஏற்கெனவே மணிக்கட்டு வலி உள்ளவர் வளைவு, தாமத ஹிஞ்ச் இரண்டையும் மறந்துவிடலாம். வளைந்த மணிக்கட்டோடு தாழ வந்து தரையில் அடிக்கும்போது அதிர்ச்சி முழுக்க அங்கேதான் இறங்குகிறது. ரேஞ்சின் பாய்மேல் அடித்தால் பந்துக்கு முன்னால் தரையைத் தொட்டது தெரியாமல் கிளப் வழுக்கிப் போய்விடும், மணிக்கட்டுக்கு மட்டும் தெரியும்.

அப்படியானால் எதை எடுப்பது

உங்கள் பந்து வழக்கமாக எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். ஸ்லைஸ் என்றால் முதலில் முட்டியை எண்ணுங்கள். இரண்டுக்குக் குறைவாக இருந்தால் மணிக்கட்டைத் தொடவே வேண்டாம், கையை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்து இரண்டு வாரம் ஆடுங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே விஷயம் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். இரண்டு, மூன்று தெரிந்தும் ஸ்லைஸ் போனால் அப்போது ஸ்கேல், தட்டை, முன்கூட்டி ஹிஞ்ச். ஹூக் என்றால் அதே முட்டியை எண்ணிப் பார்த்து, நாலு தெரிந்தால் கையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பிடி சரியாக இருந்தும் ஹூக் என்றால் ஹோகனின் குழியைக் கொஞ்சம் கடன் வாங்கலாம். வளைவு? இளவயசு, இடுப்பு சுலபமாகத் திரும்புகிறது, வாரம் மூன்று நாள் பந்து அடிக்க நேரம் இருக்கிறது, பக்கத்தில் பார்த்துச் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்றால் முயன்று பாருங்கள். நாலில் ஒன்று குறைந்தாலும் எனக்கு உடன்பாடில்லை.

கொடியும் குழியும் இருக்கும் கிரீனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மேலே சொன்னதில் பாதி செல்லாது. 80 மீட்டருக்குள் வெட்ஜ், அதாவது குறைந்த தூரத்துக்கான கிளப், அடிக்க ஹிஞ்சைக் குறைப்பதுதான் எனக்குச் சரிப்பட்டது. ஸ்டீவ் ஸ்டிரிக்கர் வெட்ஜ் அடிப்பதைப் பாருங்கள், மணிக்கட்டு மடிந்ததா என்றே சந்தேகமாக இருக்கும். தோள் திரும்புகிறது, கிளப் கூடவே போகிறது, பந்து கொடிக்குப் பக்கத்தில் விழுகிறது. கை குறைவாக அசைந்தால் தூரக் கணக்கு பிசகுவது குறைவு. மணல் பள்ளமான பங்கரில் மட்டும் எல்லாம் தலைகீழ். அங்கே மணலுக்குள் கிளப் புதையாமல் வழுக்கிக்கொண்டு போக முகம் திறந்திருக்க வேண்டும், ஹிஞ்ச் தாராளமாக வேண்டும், உச்சியில் குழியும் வேண்டும். ஸ்கேல் முன்கையில் குத்தினால் சந்தோஷப்படும் ஒரே இடம் அது.

நான் இப்போது இரண்டரை முட்டி தெரியும் பிடி, தட்டைக்கும் குழிவுக்கும் நடுவில் ஒரு மணிக்கட்டு, சீக்கிரமே போடும் ஹிஞ்ச் என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேன். டிரைவர் இன்னும் சில நாள் வலப்பக்கம் போகிறது. போன மாதம் அண்ணனைப் பார்த்தபோது ஸ்கேலை நீட்டினேன். “வெச்சுக்கங்க சார், உங்களுக்கு இன்னும் வேலை இருக்கு” என்றார்.